தகர அறைக்கு வாடகை

ஒலுவில் துறைமுகத்துக்குத் தெற்கே கடற்கரையில் கூடாரம் அடித்து, வெள்ளைக்காரர்களைத் தங்கவைத்து கேம்ப் நடத்துகிறார் பாயிஸ் ஹாஜியார். நான் ஜவுபர், அங்கே சமையற்காரன். சமையலறைக்குப் பின்னால் ஒரு தகர அறை. அதில் நானும் இரண்டு கேஸ் சிலிண்டரும் ஐந்து அரிசி மூட்டையும் ஒற்றுமையாக வாழ்ந்துவந்தோம்.

கொழும்பில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்த ஹாஜியாருக்குத் திடீரென்று அறிவு வந்துவிட்டது. தங்கி வேலை செய்கிறவர்களும் வாடகை கட்ட வேண்டுமாம்.

"உலகம் முழுக்க இதுதான் நடைமுறை ஜவுபர். மாசம் எட்டாயிரம், சம்பளத்தில கழிப்பன்."

"அரிசி மூட்டைக்கும் பங்கு போடுவீங்களா ஹாஜியார்?"

அவர் சிரிக்கவில்லை. சொன்னதோடு நிற்காமல் அந்த மாதச் சம்பளத்திலேயே கழித்தும்விட்டார். மகள் நுஸ்ரத்துக்குப் பெருநாள் கழித்துக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. கூரை ஓட்டுக்கென்று கடையில் மாதாமாதம் கட்டிவந்த காசுதான் அந்த எட்டாயிரம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கொஞ்ச நேரத்தில், உச்சி வெயிலில், ஹாஜியார் சாப்பிடாமல் கேம்புக்கு வந்தார். வாடகைத் திட்டத்தை வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மனைவி ஹுஸ்னியா ராத்தா கறி பரிமாறிக்கொண்டே கேட்டிருக்கிறார்:

"வாப்பா எழுதித் தந்த என்ட ஊட்டில இருபத்திரெண்டு வருஷமா இரிக்கிறீங்களே, அதுக்கு எப்ப கழிக்கிற?"

ஹாஜியார் கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். எங்கே போவதென்று அதற்குப் பிறகுதான் யோசித்திருக்கிறார். அவருடைய உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் ஆம்பிளை கோபித்தால் போய்ப் படுக்க இடம் கிடையாது. கேம்பிலோ கூடாரமெல்லாம் ஆள் நிறைந்திருந்தது.

"ஜவுபர், உன்ட அறையில கொஞ்சம் சரியிறன்."

"தாராளமா. வாடகை கட்டின அறைதானே."

அரை மணித்தியாலம் தாங்கவில்லை. நனைந்த சட்டையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இது மனிசன் படுக்கிற இடமா? ஒரே சூடு, கேஸ் நாத்தம், மேலெல்லாம் அரிசி வண்டு. இதுக்கு எட்டாயிரமா? ஆர் போட்ட விலை?"

நான் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "நீங்கதான் ஹாஜியார்."

ஹாஜியார் பொக்கற்றில் இருந்த காசை அப்படியே எடுத்து, எட்டாயிரத்தை எண்ணி என் கையில் வைத்தார். மிச்சம் இருநூறு ரூபாய் இருந்தது.

"இனிக் கழிக்க மாட்டன். நீ ஒரு போன் கோல் எடுத்து, ஹாஜியார் பசியில இரிக்கார் எண்டு ஊட்ட சொல்லு."

அவர் கேட்கும்படியாகவே போனைச் சத்தமாக வைத்துச் சொன்னேன்.

"வரச் சொல்லுங்க," என்றார் ஹுஸ்னியா ராத்தா. "முதல் மாச வாடகையோட வரச் சொல்லுங்க."

ஹாஜியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நுஸ்ரத்தின் கூரையைச் இடுப்புச் சாரத்து மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.