பாதி மலையில் நின்ற விளக்குகள்

இணையதளங்களில் படங்களை அசைய வைக்க ஃப்ளாஷ் என்று ஒன்று இருந்தது. ஜெயந்தினி அதில் ராணி. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறையைப் பிடித்து, பாதிக் கடைவீதிக்கு இணையதளம் செய்து கொடுத்தவள். எழுத்துகள் பறந்து வரும், கொழுந்து துளிர்க்கும், ரயில் புகைவிடும். என்ன காலம் அது! பிறகு பிரவுசர்கள் எல்லாம் சேர்ந்து ஃப்ளாஷுக்குக் கதவைச் சாத்திவிட்டன. அவள் செய்ததெல்லாம் வெற்றுக் கட்டங்களாகிப் போயின. வாடிக்கையாளர்களும் மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

மிஞ்சியவர், யாத்திரை மலையின் அடிவாரமான நல்லதண்ணியில் விடுதி நடத்தும் அலியார் மட்டும்தான். யாத்திரை சீசனுக்குள் புதிய தளம் பிடித்தபடி வராவிட்டால் கொழும்புக் கம்பனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நாற்பது வயதில், ஃப்ளாஷின் இடத்துக்கு வந்த ஜாவாஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டி முடித்து, மடிக்கணினியோடு பஸ் ஏறினாள் ஜெயந்தினி.

தளத்தின் முகப்பில் அந்த மலை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிக்கட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போகும். பழைய தளத்திலும் அதேதான். புதியதில் தடங்கலே இல்லாமல் ஓடியது.

அலியார் இரண்டு தரம் பார்த்தார்.

"எல்லாம் சரி மகள். நடுவுல நிக்குமே, அது எங்க?"

"எது, அலியார் நானா?"

அவர் கவுண்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டரைப் போட்டார். அதில் பழைய தளம் அப்படியே இருந்தது. "இதுக்கு நெட் குடுக்கிறதில்ல. குடுத்தா இதையும் மாத்திப் போடுவானுகள்."

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு தன் கைவேலை அசைவதைப் பார்த்த ஜெயந்தினி திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். விளக்குகள் ஏறின. பாதி மலையில் சற்றே நின்றன. பிறகு மறுபடி ஏறின.

"அந்த எடத்துலதான் ஆக்கள் மூச்சு வாங்குவாங்க. எவ்வளவு யோசிச்சு வச்சிருக்கீங்க. தங்க வாற எல்லாருக்கும் நான் அதத்தான் காட்டுற."

அவள் எதையும் யோசித்து வைக்கவில்லை. படங்களின் பாரம் தாங்காமல் தளம் அந்த இடத்தில் திக்கித் திணறியது, அவ்வளவுதான். எவ்வளவோ மல்லாடியும் சரிசெய்ய முடியாமல், கூசிக்கொண்டே கொடுத்துவிட்டுப் போன வேலை.

"கொஞ்சம் இருங்க நானா," என்று அங்கேயே உட்கார்ந்தாள். அன்று தானாக வந்த திணறலை இன்று வரி வரியாக எழுத வேண்டியிருந்தது. பழையதை ஓடவிட்டு ஓடவிட்டு, அது நிற்கும் நேரத்தைப் பிடித்தாள்.

இப்போது விளக்குகள் பாதியில் நின்றன. அலியாரின் கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போயிற்று. விளக்குகள் மறுபடி ஏறியதும் நிமிர்ந்தார்.

"கொழும்புக்காரனுகளுக்கு வேணாண்டு சொல்லிர்றேன். அவனுகளுக்கு இந்த மலையப் பத்தி என்ன தெரியும்?"

தான் வெட்கப்பட்ட ஒன்றை இந்த மனுஷர் இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார். ஜெயந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக் கூடாது.