இடைவேளைக்குப் பிறகு

கௌசிகன் மடிக்கணினியைப் பார்த்துத் தனக்குள் சிரித்தபடி மனைவியைக் கூப்பிட்டான். ஏவன்டேலில் அவன் விளையாடும் மூத்தோர் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆண்டு விருந்தில், பழங்கால ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தான். நூறு வருடத்துக்கு முந்திய ஸ்கொட்லாந்துக்காரர் டங்கன் மக்ஃபீ அகப்பட்டார். பந்தைத் தலையால் அடிப்பதில் அவரும் மன்னன், இவனும் மன்னன். வேறு பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை.

மக்ஃபீ நிலக்கரிச் சுரங்கத்தை விட்டுச் சம்பளத்துக்குப் பந்தடிக்க வந்தவர். மழையில் ஊறிய தோல்பந்து கல்லாய்க் கனக்கும். அதன் வாயை இறுக்கிக் கட்டிய நாடாவின் தழும்பு அவருடைய நெற்றியில் நிரந்தரமாகவே தங்கிவிட்டதாம். யாழ்ப்பாணத்தில் கௌசிகனின் கூட்டாளிகள் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டுதான் மைதானத்தில் இறங்குவார்கள். ஆட்டம் முடிகையில் எவனுடைய நெற்றி பந்து பட்டு வெறுமையாய் இருக்கிறதோ, அவன்தான் அன்றைய வீரன். கௌசிகனின் நெற்றியில் ஒருநாளும் திருநீறு மிஞ்சியதில்லை.

"கடைசி மட்ச்சைக் கேள்," என்றான் சோபனாவிடம். "இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினதை மனுசன் மறந்துபோனார். தன்ரை கோலுக்குள்ளையே ஹெட் அடிச்சுப்போட்டு, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினவராம். அதோடை வீட்டை அனுப்பிப்போட்டாங்கள். விருந்திலை சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

சோபனா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "அதுக்குப் பிறகு?"

"பிறகென்ன, கொஞ்ச வருசத்திலை மனுசியின்ரை பேரே தெரியாமல் போச்சாம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"போன ஞாயிறு மட்ச்சிலை, இடைவேளைக்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் போய் நிண்டனீங்கள்?"

"எல்லாருக்கும் வாறதுதானப்பா. எங்கடை ஆக்களே சிரிச்சவை."

"ஓம், அவை சிரிச்சவை. நீங்கள் சிரிக்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. அதை அவளிடம் காட்ட மனம் வரவில்லை. சாமான் வாங்கவேண்டும் என்று கார்ச் சாவியை எடுத்தான். அவளும் வந்து ஏறிக்கொண்டாள்.

மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியை விட்டு வெளிக்கிடும்போது மழை பிடித்துக்கொண்டது. வாசல் சந்தியில் சிவப்பு விளக்கு. வருடக்கணக்காக வீட்டுக்குத் திரும்பும் சந்தி. பச்சை விழுந்தது. வீடு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். சோபனா வழி சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. வலப்பக்கச் சிக்னலைப் போட்டுவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு அதை மாற்றி இடப்பக்கத்தைப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.