நாலாம் பாகத்தின் இரைச்சல்

என் கணவர் செல்வரத்தினம் என்னோடு முதன்முதல் பேசியது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு. ஐம்பது வருடமாக எனக்கு அந்தக் கோபம் உண்டு. மனுசன் போன வருடம் மாசியில் காலமானார். கோபம் மட்டும் லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் என்னோடு சுகமாக இருக்கிறது.

1974இல் அவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்தார், நான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில். சாதகம் பொருந்தி, படம் மாற்றி, எல்லாம் சரியென்ற பிறகு ஓர் ஒலிநாடாக் கசற்றில் பேசி அனுப்பினார். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக அப்படியும் செய்வார்கள். எங்களிடம் ரெக்கோடர் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வீட்டுக்குக் குடும்பமாகப் போய், அப்பா, அம்மா, இரண்டு மாமிமார் சூழ இருந்து கேட்டோம். அவர் விட்டு விட்டு அரை மணித்தியாலம் பேசினார். பின்னால் யாரோ இங்கிலீசில் சண்டை பிடித்தார்கள், ஏதோ வெடித்தது. சனிக்கிழமை பின்னேரம் வரும் விண்வெளித் தொடர் ஒன்றில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அட்டையில் செய்த விண்கப்பல், சருவச்சட்டியைக் கவிழ்த்த மாதிரித் தலையோடு வேற்றுக்கிரகத்தார். அதைத் தவறவிட மனமில்லாமல் பெட்டிக்கு முன்னால் இருந்தே பெண்ணோடு பேசியிருக்கிறார்.

கடைசியில் என் பெயரைச் சொல்லி, "அருமை, உம்மட்ட ஒண்டு கேக்க வேணும்," என்றார். உடனே விண்கப்பல் கிளம்பியது. அரை நிமிடம் காது கிழியும் இரைச்சல். அது அடங்கியபோது, "யோசிச்சுப் பதில் எழுதும்," என்று முடித்துவிட்டார்.

நாலைந்து தரம் திருப்பிப் போட்டோம். ஒன்றும் விளங்கவில்லை. "கலியாணத்துக்குச் சம்மதமோ எண்டு கேட்டிருப்பார், வேறென்ன?" என்றார் அம்மா. மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வியே எனக்குக் கேட்கவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. "ஓம், சம்மதம்" என்று எழுதிப் போட்டேன்.

கலியாணமாகி லண்டன் வந்த பிறகுதான் தெரிந்தது, மனுசனுக்கு ஊர் திரும்பும் எண்ணமே இல்லை. பிறகு ஊரில் போர் வந்தது. 1987இல் அம்மா செத்தபோது என்னால் போக முடியவில்லை. அன்றைக்குக் குசினி அடுப்படியில் நின்று கத்தினேன்.

"திரும்பிப் போகமாட்டன் எண்டு முதலே சொல்லியிருந்தா நான் வந்திருப்பனோ?"

"சொன்னனான்தானே. நீர் ஓம் எண்டு எழுதினனீர்."

"பொய்! நீங்கள் ஒரு பொய்யன்!"

அவர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான்தான் வாய்த்த நேரமெல்லாம் எடுத்தேன். அந்த இரைச்சல் எனக்கு நினைவு வராமல் இல்லை. ஆனால் அதற்குள் இதைச் சொல்லியிருப்பார் என்று நம்ப மனம் இடம் தரவில்லை.

அவருடைய முதலாண்டு ஆட்டத்திவசம் முடிந்ததும், பத்திரமாக வைத்திருந்த அந்தக் கசற்றைப் பிள்ளைகளின் போனில் ஏற்றித் தரும்படி இரண்டு வீடு தள்ளியிருக்கும் றொஜனிடம் கொடுத்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன், நாற்பது வயது. அடுத்த நாள் பின்னேரம் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"அன்ரி, உங்கட கசற்றில நாலாம் பாகம் இருக்கு!"

அந்த விண்வெளித் தொடரை எடுத்தவர்கள் நாடாவை மிச்சம் பிடிக்க எல்லாப் பாகங்களையும் அழித்துவிட்டார்களாம். நாலாம் பாகத்தின் சத்தம்கூட உலகத்தில் ஒருவரிடமும் இல்லை. றொஜனும் அவனைப் போன்ற பைத்தியங்களும் சங்கம் வைத்துத் தேடுகிறார்கள்.

"அங்கிளின்ர குரலைக் கழட்டி எடுத்திட்டா மிச்சம் திறமா வரும்."

"கழட்டின குரலை என்ன செய்வீர்?"

"அது தேவையில்லைத்தானே..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எனக்கு அதுதான் தேவை. இரைச்சலை நீர் வைச்சுக்கொள்ளும். அவரைத் தாரும்."

ஒரு கிழமை சென்றது. கணினியோடு வந்து என் காதில் கருவியை மாட்டிவிட்டான். குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

"நான் ஊருக்குத் திரும்பி வரமாட்டன், அருமை. நீர் இங்க வந்தா அம்மா அப்பாவை நினைச்ச நேரம் போய்ப் பாக்கேலாது. அது உமக்கு ஏலுமோ? ஏலாதெண்டா ஏலாதெண்டு எழுதும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

மூன்று தரம் போடச் சொன்னேன். றொஜனும் கேட்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"அண்டைக்கு இது கேட்டிருந்தா ஓம் எண்டு எழுதியிருப்பியளோ, அன்ரி?"

"இல்லை," என்றேன். யோசிக்கவே இல்லை. அம்மாவை விட்டு ஓர் இரவு இருக்கத் தெரியாத பெட்டைப்பிள்ளை நான். மாட்டேன் என்றுதான் எழுதியிருப்பேன். மூன்று பிள்ளைகளும் ஐம்பது வருடமும் அந்த அரை நிமிடச் சத்தத்தால் கிடைத்தவை. அதை நினைக்க அழுகை வந்தது. அழுதேன்.

மனுசன் சொல்லியிருக்கிறார். கேட்காத கேள்விக்கு ஓம் என்று எழுதியவள் நான். பொய்யன் என்று ஏசிய அன்றைக்காவது, "எனக்கு அது கேட்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் முப்பத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் சொல்லவில்லை.