வாசல் தும்புத்தடி

றொஜிதன் தன் காருக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை மனைவிக்குக் கொடுத்திருந்தால், அஜந்தினி இந்நேரம் மகாராணியாக இருந்திருப்பாள். மாரி தொடங்க முன்பே அந்தக் கறுப்புக் காரைக் கழுவிக் காயவைத்து இரண்டு தரம் மெழுகு பூசிவிடுவான். டென்மார்க்கின் வைலே நகரத் தெருக்களில் பனி உருக உப்புக் கொட்டத் தொடங்கினால் கிழமை தவறாமல் சில்லுகளின் உட்புறம் வரைக்கும் கழுவுவான். பனியைத் தட்டப் பஞ்சு போன்ற தூரிகை ஒன்று வைத்திருந்தான். வேறு எதுவும் அந்தப் பெயின்றில் படக்கூடாது.

சனி இரவு அவன் வேலையால் வந்து படுத்த பிறகு, விடிய விடியப் பனி கொட்டியது. ஞாயிறு காலைத் தேவாலயப் பூசைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அவன் எழும்புவதற்குள் காரைத் துப்புரவாக்கி வைத்தால் மனுசன் வாயடைத்துப்போவான் என்று அஜந்தினிக்கு ஆசை. தூரிகை டிக்கிக்குள், டிக்கி பனிக்குள். வாசற்படியில் சாத்தியிருந்த, படி கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

தரிப்பிடத்தில் எல்லாக் கார்களும் வெள்ளைக் குவியல்கள். வழக்கமான மூலையில் நின்றதைக் கூட்டினாள். பனி சரிந்து கறுப்புத் தெரிந்தது. கறுப்பின்மேல் கோடுகளும் தெரிந்தன. மீன் துப்புரவாக்கிய பலகை மாதிரிப் பொனற் முழுக்கக் கோடுகள்.

தும்புத்தடியைத் திருப்பிப் பார்த்தாள். படி வழுக்காமல் அவளே தினமும் போட்டுக் கூட்டும் சரளைமணல், தும்புகளுக்கு நடுவே உறைந்து பல்லுப் பல்லாக நின்றது.

என்ன செய்வதென்று தெரியாமல் முன்கண்ணாடியைக் கையுறையால் துடைத்தாள். மடு மாதா கோயிலில் ஆசீர்வதித்து மாமி அனுப்பிய செபமாலை உள்ளே தொங்கவேண்டும். தொங்கவில்லை. இருக்கையில் நாய்ச் சங்கிலி கிடந்தது.

"மாதாவே," என்றாள். கார், நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டுப் பிரீபனுடையது.

நல்லகாலம், எங்கடை இல்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த கணமே அதற்காக வெட்கப்பட்டாள்.

அதற்குள் பிரீபனின் கதவு திறந்தது. இடுப்பில் சத்திரசிகிச்சை செய்த மனுசன், ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் கோப்பியோடு வந்தார். நாலு வருசமாக "ஹை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர். இந்தப் பனியை எப்படித் தள்ளுவேனென்று விடியற்காலையிலிருந்து கவலைப்பட்டேன், யன்னலால் உன்னைக் கண்டேன் என்று டேனிஷில் சொல்லி, கோப்பையை அவள் கையில் வைத்தார். மூன்று தரம் நன்றி சொன்னார். காரின் பக்கம் அவர் பார்வை இன்னும் போகவில்லை.

பனி மறுபடி தூறியது. கோடுகள் மெல்ல மூடுண்டன.

றொஜிதன் செருப்போடு ஓடிவந்தான். அவள் தமிழில் விசயத்தைச் சொன்னாள். அவன் பதறி, மூலை கிடைக்காமல் இரவு நாலு கார் தள்ளி விட்டிருந்த தன் குவியலைக் கண்டுபிடித்துப் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா, எங்கடை இல்லை. பேசாமல் வாரும். ஸ்னோ மூடுது. ஆருக்குத் தெரியப்போகுது?"

தான் நினைத்த அதே சொல் அவன் வாயால் வரக் கேட்டபோது, அஜந்தினிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தும்புத்தடியை அவன் கையில் கொடுத்தாள். பொனற்றில் விழுந்த பனியை உள்ளங்கையால் வழித்துவிட்டாள்.

"நான்தான் செய்தேன்," என்று டேனிஷில் சொன்னாள்.

பிரீபன் ஊன்றுகோலில் சாய்ந்து குனிந்து பார்த்தார். ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டினார். அவர் கொடுத்த கோப்பி அவள் மற்றக் கையில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.