தரை நனைத்த பிரசங்கங்கள்

2014ஆம் ஆண்டு ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, நெய்வேலி டவுன்ஷிப்பில் முந்திரித்தோப்பை ஒட்டிய சிற்றாலயத்தில் போதகர் ஆல்பின் ஒரு வரியும் தயாரிக்காமல் பிரசங்க பீடம் ஏறினார். குறை இதுதான். அவர் பேசத் தொடங்கிய பதினோராம் நிமிடத்தில் சிமெண்டுத் தரையின் வழியே வெதுவெதுப்பான தண்ணீர் ஊறி, ஆராதனை முடிவதற்குள் கணுக்காலைத் தொட்டது என்பது அக்குறையின் விளைவு மட்டுமே. சபையாரோ விளைவைக் குறித்து மட்டும் கவலைப்பட்டனர்.

ஆல்பின் சோம்பேறி அல்லர். அவருடைய வாரத்தைச் சபையே தின்று தீர்த்தது. திங்களன்று புதிய குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சும் ஜெபம். செவ்வாயன்று வேலை பெர்மனன்ட் ஆனவர் வீட்டில் நன்றி ஜெபம். புதனன்று ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஜெபம். வியாழனன்று அதே வீட்டு பிரிட்ஜுக்கு. காலை ஷிப்டுக்காரர்கள் பிற்பகலில் அழைத்தனர், பிற்பகல் ஷிப்டுக்காரர்கள் காலையில் அழைத்தனர். சனிக்கிழமை குறிஞ்சிப்பாடியில் யாருக்கேனும் நிச்சயதார்த்தம் இருந்தது. வேதாகமத்தை விரித்து உட்கார அவருக்கு வாய்த்த இடம் பேருந்தின் இருக்கை. வாய்த்த நேரம் வடலூர் வரும் வரை. ஆகவே ஞாயிறுதோறும் போன ஆண்டு சொன்னதையே குரலை உயர்த்திச் சொன்னார். குரல் உயர்ந்த அளவுக்குத் தண்ணீரும் உயர்ந்தது.

சபைச் செயலர் ஜெரால்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் பிரிவின் ஃபோர்மேன். பூமிக்கடியில் அழுத்தத்தோடு கிடக்கும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காது என்பதை அறிந்தவர். "தண்ணி வருதுன்னா இறைக்கணும். இதுக்குப் போயி எதுக்குங்க யோசனை?" என்று கூறி, ஒரு பம்பைக் கொண்டுவந்து பீடத்தின் பின்னால் பொருத்தினார். வேறு எந்த ஊராரும் இத்தவற்றைச் செய்திருக்க மாட்டார்கள். பம்பின் இரைச்சலில் பிரசங்கத்தின் ஒரு சொல்லும் எவர் காதிலும் விழவில்லை. நான்கு மாதங்கள் எவரும் அதை ஒரு குறையாகக் கூறவுமில்லை. இறைத்த நீரில் ஆலயத்து வாழைகள் செழித்துக் குலை தள்ளின.

அக்டோபரில் சாமியம்மாள் வந்தார். கம்மாபுரத்துப் பக்கத்துக்காரர், டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தெருக் கூட்டுபவர். அவருடைய கணவர் மஞ்சள் காமாலையில் இறந்து அன்று மூன்றாம் ஞாயிறு. முன்வரிசையில் அமர்ந்து, பம்பு இறைத்தும் மிஞ்சிய நீரில் பாதங்கள் அமிழ்ந்திருக்க, நாற்பது நிமிடமும் ஆல்பினின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் வாசலில் அவரை மறித்தார்.

"ஐயா, மோட்டார் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல. அவரு போனதுலேர்ந்து ஒரு ஆறுதல் வார்த்த கெடைக்குமான்னு பாத்துக்கினு கெடக்கறேன். இன்னா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."

ஆல்பின் வாயைத் திறந்தார். சற்று முன் சொன்னதில் ஒரு சொல்லும் அவர் நினைவில் இல்லை.

"வுடுங்க. இதுக்கு நான் வூட்லயே குந்திக்கினு அழுதுக்குவேன்" என்றார் சாமியம்மாள், கோபமில்லாமல்.

"ரெண்டு வாரம் குடும்மா" என்றார் ஆல்பின்.

அடுத்த ஞாயிறு அவரே பம்பை நிறுத்தினார். "இந்த வாரமும் நான் தயாரிக்கல. அதனால பிரசங்கம் கெடையாது" என்று அறிவித்து, வேதபாடத்தை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினார். தரை நனையவில்லை. திங்களன்று சாமியம்மாள் வீட்டுக்குச் சென்று, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பினார். செவ்வாய் முதல் போதகர் இல்லத்தின் கதவு அடைபட்டது. வெள்ளியன்று ஜெரால்டு அதைத் தட்டினார்.

"ஐயா, புதுக் கார் வாசல்ல நிக்குது. அஞ்சு நிமிஷ ஜெபம்தான்."

"நிக்கட்டுங்க. தண்ணிய இறைக்காம மைன்ஸ்ல மண்ண வெட்டுவீங்களா?"

"அது டெக்னிக்கல் வேலைங்க."

"இதுவும் அப்படித்தாங்க."

"கமிட்டி சும்மா இருக்காது. உங்கள மாத்தச் சொல்லி லெட்டர் எழுதிடுவாங்க."

"எழுதட்டும். அதையாச்சும் தயாரிச்சு எழுதச் சொல்லுங்க" என்று உள்ளிருந்தே கூறினார் ஆல்பின். கதவு திறக்கவில்லை.

ஐந்து நாள்கள் அவர் ஒரே சிறு பகுதியோடு மல்லுக்கட்டினார்: இறந்த நண்பனை உயிரோடு எழுப்புமுன், அவன் கல்லறை முன் ஆண்டவர் அழுத பகுதி. எழுப்பப் போகிறவனுக்காக எதற்கு அழ வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, எழுதியதையெல்லாம் அடித்து அடித்து மீண்டும் எழுதினார். ஞாயிறன்று பதினான்கு நிமிடங்கள், குரலை உயர்த்தாமல் பேசினார். அங்கே அழுது நின்ற சகோதரியிடம் அழாதே என்று சொல்ல ஆண்டவருக்கே மனம் வரவில்லை, அவர் முதலில் உடன் அழுதார் என்றார். தரை காய்ந்தே கிடந்தது. சாமியம்மாள் முந்தானையில் முகம் புதைத்து அழுதார். எழுந்து போகும்போது, "இது போதுங்க, இந்த வாரத்துக்கு" என்றார்.

அதன்பின் நான்கு ஆண்டுகளில் அங்கே தண்ணீர் இருமுறைதான் ஊறியது. அவற்றில் ஒருமுறை, 2017இல், கைப்பேசியைப் பார்த்துப் பிரசங்கித்த சிறப்புப் பேச்சாளருக்கு முழங்கால் வரை ஏறியது. சபையார் செருப்புகளைப் பெஞ்சின்மேல் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தனர். எவரும் வியக்கவில்லை. ஆனால் ஆல்பினை மாற்றக் கோரும் விண்ணப்பம் நாற்பத்தொரு கையெழுத்துகளுடன் இன்னும் வீடு வீடாகச் சுற்றுகிறது. அதில் முதற்காரணம், அவர் கார்களுக்கு ஜெபிக்க வருவதில்லை என்பது. வாசகரே, அது உம்மிடம் வந்தால் கிழித்தெறியும். உம்முடைய போதகர் படிக்கும் நாள்களை அவரிடமே விட்டுவிடும். அதன்பிறகும் ஒருவர் படிக்காமல் பீடமேறினால், அவர் எவராயினும், எழுந்து நின்று இறங்கச் சொல்லும்.