சொக்கநாதனுக்கு ஒரு சம்பவம்

செம்புலிச்சேரியில் முதலில் தேர்தல் நடக்கும். அதன் பிறகுதான் ஜெயித்தவரை வளர்ப்பார்கள். மற்ற ஊர்களில், எவனாவது ஒருவன் தலைவனாக வருவான் என்ற நப்பாசையில் எல்லாப் பிள்ளைகளையும் அடித்துத் திருத்திப் படிக்கவைத்து, கடைசியில் ஒன்றுகூடத் தேறாமல் போவதுண்டு. செம்புலிச்சேரிக்காரர்கள் வீண்வேலை பார்க்கிற ரகம் இல்லை. ஆள் யார் என்று தெரிந்த பிறகு அந்த ஒருவரை மட்டும் ஒழுங்காக வளர்த்தால் போதுமே என்பது அவர்கள் கட்சி. மற்ற பிள்ளைகள் அதுகள் பாட்டுக்கு வளர்ந்துகொள்கின்றன.

இந்த முறை பேரூராட்சித் தலைவராக ஜெயித்தவர் சிமென்ட் கடை சொக்கநாதன். ஐம்பத்தேழு வயது. சர்க்கரை, முழங்கால் வலி, நாலு பேரைச் சரிக்கட்டும் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. வளர்ப்பு மட்டும்தான் பாக்கி. குலுக்கல் போட்டதில் தாயாக வந்த பெயர் மாவு மில் தவமணி. அவளுக்கு முப்பத்தெட்டு வயது, பிள்ளை குட்டி இல்லை. அவள் புருஷன் இருளப்பன் அதனால் தகப்பன் ஆனான். பெரிய தலைவர்களின் தகப்பன்மார் அதிகம் பேசுவதில்லை என்பதால் அவனுக்கு வேலை சுலபம். பேப்பருக்குப் பின்னால் இருந்து அவ்வப்போது "ம்" என்றால் போதும்.

சொக்கநாதன் ஒரு டிரங்குப் பெட்டியோடு காலையில் வந்து வாசலில் நின்றார். கூடவே அவர் மனைவி விசாலமும் வந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள்.

"ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை குடுக்கணும் அத்தை. நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுக்குவாரு. வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்துடுங்க" என்று தவமணியிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து அவர், அவன் ஆனார். நாமும் இனி அவன் என்றே சொல்லலாம். வளர்கிற பிள்ளைக்கு இப்போதே மரியாதை கொடுத்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

தவமணிக்கு உள்ளூரப் பயம்தான். தலைவர் மேல் குறை இருந்தால் செம்புலிச்சேரியில் யாரும் அலுவலகத்துக்குப் போகமாட்டார்கள். தாயிடம்தான் போவார்கள். தண்ணீர் வரவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, நேரே அவள் வாசலில் வந்து நின்று, "என்னத்தப் புள்ளை வளர்த்த?" என்று கேட்பார்கள். போன தலைவரை வளர்த்த கனகவல்லி பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். ஐந்து வருஷமாக அவள் வீட்டு முன்கதவு திறக்கவில்லை. பின்பக்கமாக வந்து மாவு அரைத்துக்கொண்டு பின்பக்கமாகவே போவாள். தன் கதியும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று தவமணி எல்லாச் சாமியையும் கும்பிட்டாள்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எழுப்பினால் எழுந்தான். தலையில் எண்ணெய் வைத்தால் காட்டினான். நாலாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், முட்டி இடித்ததால் பெஞ்சுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டான். பெருக்கலில் புலி, ஆனால் கழித்தல் வரவில்லை. 'நான் பெரியவனானால்' என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு, சிமென்ட் கடை வைப்பேன் என்று எழுதிவிட்டு வந்தான். பொழுது சாய்ந்ததும் தெருவிளக்கடியில் பாயைப் போட்டுப் படித்தான். வீட்டில் ட்யூப்லைட் இருந்தது, என்றாலும் தலைவர்கள் தெருவிளக்கில்தான் படிப்பது. அவனுக்காகவே அந்தக் கம்பத்தில் புது பல்பு மாட்டியிருந்தார்கள். ஊரில் எரிந்த ஒரே தெருவிளக்கு அதுதான்.

ஒருநாள் மத்தியானம் பாதியிலேயே வந்துவிட்டான். கோகோ விளையாட யாரும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். மில்லுக்குள் வந்து, அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தான். தவமணி மாவு விழும் தூம்பின் வாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டான். மீசையெல்லாம் மாவாக, "சூடா இருக்கும்மா" என்றான். அந்த 'அம்மா'வைக் கேட்டதும் தவமணி முந்தானையால் அவன் மீசையைத் துடைத்துவிட்டாள். ஊர் கொடுத்த பிள்ளை என்பதை அவள் அன்றோடு மறந்தாள். இவன் என் பிள்ளை, அவ்வளவுதான்.

ஆனால் சம்பவம் ஒன்று நடக்கவேண்டும். எந்தத் தலைவரின் பிள்ளைப் பிராயத்திலும், இவன் பின்னால் பெரிய ஆளாக வருவான் என்று காட்டுகிற ஒரு சம்பவம் இருக்கும். அது தானாக நடக்கவேண்டும். நடந்த மறுநாள் பதவியேற்பு. பேரூராட்சிச் செயல் அலுவலர் நமசிவாயம் தினமும் அலுவலகம் போகிற வழியில் ஸ்கூட்டர் எஞ்சினை நிறுத்தாமலே, ஒரு காலை ஊன்றிக் கேட்பார்.

"ஏதாச்சும் சம்பவம் உண்டாம்மா?"

"இல்ல சார்."

"நேத்துகூடவா இல்ல?"

"நேத்து ரெண்டு தோசை கூடத் தின்னான். அதான்."

அது சம்பவத்தில் சேராது. மாதங்கள் போயின. பிள்ளை மந்தமோ என்று ஊரில் பேச்சு கிளம்பியது. கடைத்தெருவில் தவமணியைப் பார்த்துச் சிலர் உச்சுக்கொட்டினார்கள். பிள்ளைக்கும் அது காதில் விழுந்திருக்கவேண்டும், தோசை குறைந்தது.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வைக்கப் பையைத் திறந்தபோது, உள்ளே ஒரு துண்டும் மாற்று உடுப்பும் மடித்து வைத்திருப்பதைத் தவமணி பார்த்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போனாள். மடிக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

மத்தியானம் மேளச் சத்தம் கேட்டது. சொக்கநாதனைத் தோளில் தூக்கிவந்தார்கள், நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஊருணியில் விழுந்து தத்தளித்த ஆட்டுக்குட்டியை, உயிரைப் பொருட்படுத்தாமல் குதித்துக் காப்பாற்றிவிட்டானாம். குட்டியையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். நமசிவாயம் முதல்முறையாக ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார். "சம்பவம்" என்று சொல்லித் தவமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதவியேற்பு மறுநாள் காலை என்று முடிவாயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு தவமணி பையைத் திறந்தாள். ஈர நிஜார் பாலிதீன் கவருக்குள் அழகாக மடித்திருந்தது. பிள்ளை மேல் உலர்ந்த சட்டை, மடிப்புக் கலையாமல்.

"ஆட்டுக்குட்டி விழப்போவுதுன்னு உனக்குக் காலையிலயே தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நம்ம கடையில மூட்டை தூக்குவான்ல, அவனைத்தான் தள்ளிவிடச் சொன்னேன். தண்ணி முழங்கால்தான்மா. குட்டிக்கு ஒண்ணும் ஆகல."

"ஏன்டா?"

"சம்பவம் நடக்கவே மாட்டேங்குது. உன்னைப் பாத்து ஆளுக்கு ஆள் உச்சுக்கொட்டுறாங்க. நீ பேசாம இருந்தின்னா நாளைக்கு மேடையில முன்வரிசையில உக்காரலாம்."

தவமணி கையை ஓங்கினாள். ஐம்பத்தேழு வயது முதுகு அடியை வாங்கிக்கொள்ளக் குனிந்து நின்றது. அவளால் அடிக்க முடியவில்லை. பேப்பருக்குப் பின்னால் இருளப்பன் "ம்" என்றான்.

சாயங்காலம் கனகவல்லி பின்பக்கமாக மில்லுக்கு வந்தாள். கேழ்வரகைக் கொட்டினாள்.

"என் பையன் பாம்புகிட்டேருந்து கோழிக்குஞ்சைக் காப்பாத்தினான், ஞாபகம் இருக்கா? அது ரப்பர் பாம்பு. எனக்கு அன்னைக்கே தெரியும். ஆசைப்பட்டுட்டான் புள்ளைன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் கதவை மூடிக்கிட்டேன்."

மாவு விழுந்து முடிந்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் பந்தல் போட்டிருந்தார்கள், லட்டும் வந்திருந்தது. சொக்கநாதன் வெள்ளை வேட்டியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். வளர்த்த தாய் இரண்டு வார்த்தை பேசுவார் என்று நமசிவாயம் மைக்கை நீட்டினார். தவமணி வாங்கிக்கொண்டாள். பேசினால் பிள்ளையின் மானம் போகும், பேசாவிட்டால் பிள்ளையே போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளையைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆட்டுக்குட்டி தானா விழல. என் புள்ளை சொல்லித் தள்ளிவிட்டதுங்க. மாத்துத் துணிகூட எடுத்துட்டுப் போயிருந்தான். இன்னும் வளரல. வளர்த்து முடிச்சதும் நானே கூட்டிட்டு வரேன்" என்றாள்.

அப்படியானால் இது சம்பவம் இல்லை என்று நமசிவாயம் அறிவித்தார். மேளக்காரர்கள் உறையைப் போட்டுக் கட்டினார்கள். லட்டை அடுத்த சம்பவத்துக்கு எடுத்து வைத்தார்கள். தவமணி மேடையிலிருந்து பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி, கடைத்தெரு வழியாகவே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வழி நெடுக அவன் விசும்பினான். அவளுக்கும் அழுகைதான். ஆனால் போக இருந்த பிள்ளை கையோடு வருகிறானே என்று அடிமனதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேரூராட்சியில் கூடிப் பேசினார்கள். தாயின் மேல் தப்பில்லை, பிள்ளை ஒற்றைப் பிள்ளையாக வளர்வதுதான் கோளாறு, எல்லாம் தனக்கே என்ற புத்தி வந்துவிடுகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். கூடப்பிறந்தது ஒன்று இருந்தால் தானாகச் சரியாகும். மறுநாள் விடிந்ததும் தேர்தலில் தோற்ற அழகேசன், தோள்பையும் பல்செட்டு வைத்த டப்பாவுமாக வந்து வாசலில் நின்றான். அறுபத்துமூன்று வயது. மூன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். இருபது வருஷமாக அவனும் சொக்கநாதனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை.

"தம்பிடா" என்றாள் தவமணி. "கொஞ்சம் தள்ளி உக்காரு."

சொக்கநாதன் தள்ளி உட்கார்ந்தான். தவமணிக்கு மாவு ஒரு தோசைக்குத்தான் மிச்சமிருந்தது. அதை ஊற்றி அவன் தட்டில் போட்டுவிட்டு, கரைக்க வேறு மாவு எடுக்கத் திரும்பினாள். அழகேசன் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொக்கநாதன் தோசையை இரண்டாகக் கிழித்தான். இரண்டு துண்டையும் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு பெரிய துண்டைத் தூக்கித் தம்பி தட்டில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்றுகூடத் திரும்பாமல் சின்னதைத் தின்னத் தொடங்கினான்.

தவமணி அலமாரிக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். மாவு டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"ஏதாச்சும் சம்பவம் உண்டாம்மா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பின்னால் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "ரெண்டும் இப்பத்தான் சாப்பிட உக்காந்திருக்கு."