தொட்டிக்குள் பிசிறு

மண்ணரையில் எங்கள் வீதிக்குக் கடல் வந்தது சுபஸ்ரீயின் கல்யாணச் சீரோடுதான். மற்ற மருமகள்கள் பீரோவும் கட்டிலும் கொண்டுவந்தார்கள். இந்தப் பெண் உடுமலைப்பேட்டையிலிருந்து காலிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு காரை விட்டு இறங்கினாள். மீனும் பவளமும் தனியாகப் பையில். தொட்டி பெரிதில்லை, பனியன் அடுக்கும் அட்டைப்பெட்டி அளவுதான். உப்புக் கரைத்த தண்ணீர், ஒரு கல், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு. கல்லின் மேல் ஊதா நிறத்தில் பவளம். விளக்கைப் போட்டால் அதில் பொடிப்பொடியாகப் பச்சை நட்சத்திரங்கள் விரியும்.

"போர்ல தண்ணி வர மாட்டேங்குது, இவ ஊட்டுக்குள்ள கடலையே கொண்டாந்துட்டாளாக்கு" என்று மாமியார் தெய்வாத்தக்கா அன்றைக்கே சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஒன்றும் ஒட்டுக்கேட்கப் போகவில்லை. என் சமையலறை ஜன்னல் அவர்கள் கூடத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. வீடு கட்டின மேஸ்திரியைக் கேளுங்கள்.

தெய்வாத்தக்காவின் மகன் தரணீதரன் கீழ்த்தளத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறான். முதலாளியின் அம்மா மேலே உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம். பார்க்க மாட்டார். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு, தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை, அதைத்தான் பிசிறு என்போம், கட்டரால் வெட்டிக்கொண்டே இருப்பார். பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சட்டையில் பிசிறு தெரிந்தால்கூட அந்தக் கை சும்மா இருக்காது. கிள்ளிவிட்டுத்தான் ரசத்துக்குப் போகும்.

போன ஆடியில் சுபஸ்ரீக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது மாமியாரிடம் பேசியது இவ்வளவுதான்: "மீனுக்குத் தீனி ஒரு சிட்டிகை போதுங்க அத்தை. லைட்டு ரொம்ப நேரம் வேண்டாங்க."

அவள் திரும்பி வருவாளா என்று வீதி பேசியது. நானும் வீதியில்தானே இருக்கிறேன்.

தெய்வாத்தக்கா போன் செய்து 'எப்படி இருக்கே' என்று கேட்கிற ரகமில்லை. அதற்குப் பதிலாக மீனுக்குத் தீனி போட்டார். காலையில், டீ நேரத்தில், மருமகள் ஞாபகம் வந்தபோதெல்லாம். பாவம் இருட்டில் கிடக்க வேண்டாமே என்று விளக்கையும் விடிந்ததிலிருந்து எரியவிட்டார்.

கல்லில் பாசி முளைத்தது. பச்சையாக, நூல் நூலாக. வேறு யார் கண்ணுக்கும் அது பாசி. அக்காவின் கண்ணுக்குப் பிசிறு. கட்டரைக் கழுவி எடுத்துவந்தார், முழங்கைவரை உள்ளே விட்டு ஒரு நூல் விடாமல் வெட்டினார்.

"எப்படிப் புள்ள? எக்ஸ்போர்ட் பீஸாட்ட இருக்குதா?"

"ஆமாங்க்கா" என்றேன். அப்படித்தான் இருந்தது. வெட்டின துணுக்குகள் தண்ணீரில் மிதந்து சுற்றின. அதை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை. டேபிளில் வெட்டினால் நூல் தரையில் கிடக்கும், சாயங்காலம் பெருக்கித் தள்ளலாம். தொட்டியில் அது விழுந்த இடத்திலெல்லாம் முளைத்தது. கொஞ்ச நாளில் கண்ணாடி, கல், மோட்டார் என்று எங்கும் பச்சை. பவளத்தின் மேலும் ஏறிப் படர்ந்தது. நட்சத்திரங்கள் உள்ளே சுருங்கிக்கொண்டன. விளக்கைப் போட்டாலும் விரியவில்லை.

தரணீதரன் யோசனை சொன்னான். "இதே மாதிரி ஒன்னு கோயமுத்தூர்ல வாங்கி வெச்சர்லாம்மா. அவளுக்குத் தெரியாது."

"அவ வளத்தது அவளுக்குத் தெரியாதா? ஏற்கெனவே ஒன்னு போச்சு. இதுவும் போச்சுன்னு நான் எந்த வாயிலடா சொல்லுவேன்?"

அவன் கீழே இறங்கிப் போனான். அக்கா தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். செக்கிங்குக்குப் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் அவரே சுபஸ்ரீயைக் கூப்பிடச் சொன்னார். வீடியோ கால். போனைப் பிடிக்கிற வேலை எனக்கு. கேட்டு வாங்கிக்கொண்ட வேலைதான்.

"கண்ணு, உன்ற தொட்டியக் கெடுத்துப்போட்டேன்."

"என்னங்க அத்தை ஆச்சு?"

"பிசிறு வெட்டுனேன்."

"கட்டர்லயாங்க?"

"பின்ன, வாயிலயா?"

திரையில் சுபஸ்ரீயின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டு அவள் அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"அதை வெட்டக் கூடாதுங்க அத்தை. வெட்டுனா பரவும். பேசின்ல தொட்டித் தண்ணி மோந்து, கல்ல அதுல வைங்க. கிளவுஸ் போட்டுட்டு வேரோட பிடுங்குங்க. மிச்சத்தப் பழைய பிரஷ்ஷால தேய்ங்க. அந்தத் தண்ணியத் திருப்பி உள்ள ஊத்தாதீங்க. ஆர்.ஓ. தண்ணியில புதுசா உப்புக் கரைச்சு ஊத்திக்கலாம். அப்புறம் லைட்டையும் தீனியையும் கொறைங்க."

"பட்டினி போடச் சொல்றியா?"

"மீன் தின்னு மிஞ்சுறதத்தானுங்க பாசி திங்குது."

நான் போனைப் பிடித்திருக்க, அக்கா அப்போதே கல்லை எடுத்து வைத்துப் பிடுங்கினார். கிள்ளிப் பழகின கைக்கு வேரோடு இழுப்பது வரவில்லை. பாதியில் அறுந்துபோனதை நகத்தால் தேடித் தேடி எடுத்தார். பேசின் தண்ணீர் பச்சையானது. பாசிக்கு அடியில் பவளத்தின் ஊதா நிறம் தெரிந்தது. நட்சத்திரம் ஒன்றும் தெரியவில்லை.

"விரியுமா கண்ணு?"

"தெரியலீங்க அத்தை. விரியலீனாலும் அது உங்க தப்பில்லீங்க. நல்லாத்தான் பாத்துட்டீங்க. சிலது நிக்கறதில்ல" என்றாள்.

அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். திரும்பி, போனை நேராகப் பார்த்தார்.

"உன்ற தப்பும் இல்ல கண்ணு."

நான் போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். சமையலறை ஜன்னலையும் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம் என்ன பேசினார்கள் என்று வீதியில் நிறையப் பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே சுபஸ்ரீ வந்தாள். கல்லைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாளாம். பையென்னவோ பெரிதாக இருந்தது. பவளத்தில் ஒரு மூலை மட்டும் விரிந்திருந்தது, மற்றது வெளுத்துக் கிடந்தது. விரிந்ததைக் கண்ணாடியோடு மூக்கு ஒட்ட வெகுநேரம் பார்த்தாள்.

தெய்வாத்தக்கா காபியோடு வந்தார். மீன்கள் இரண்டும் சுபஸ்ரீயை விட்டுவிட்டு அவர் பக்கம் ஓடி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"அத்தை, தீனி எத்தன வாட்டி போடறீங்க?"

"ஒரு வாட்டிதான்."

"மீனு வேற மாதிரி சொல்லுதுங்க."

"சந்தேகமா இருந்தா கூடவே இருந்து பாத்துக்க."

சுபஸ்ரீ காபியை வாங்கிக்கொண்டாள். "அதைத்தானுங்க செய்யோணும்" என்றாள்.